பஸ்ஸுக்கு நின்ற அம்மா பைக்குக்கு ஏன் நிற்கவில்லை?

கோவை காந்திபுரத்தில் ரோட்டைக் கடக்க நின்றிருந்தேன். பக்கத்தில் கட்டைப்பையோடு ஒரு வயதான அம்மா. தூரத்தில் டவுன் பஸ் தெரிந்ததுமே "இரு கண்ணு, பஸ்ஸு போவட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் போனது. அடுத்து ஒரு பைக், பஸ்ஸைப் பார்த்தபோது இருந்ததைவிடக் கிட்டத்திலேயே வந்துகொண்டிருந்தது. அதற்கு அவர் நிற்கவில்லை. இறங்கிவிட்டார். பைக்காரர்தான் பிரேக்கை அழுத்திப் பிடித்தார்.

அந்த அம்மாவின் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. எல்லார் கண்ணும் அப்படித்தான்.

நம்மை நோக்கி நேராக வரும் வண்டி இடமோ வலமோ நகர்வதில்லை. விழித்திரையில் விழும் அதன் பிம்பம் பெரிதாகிக்கொண்டே வரும், அவ்வளவுதான். அது எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் வண்டி வந்து சேரும் நேரத்தை மூளை ஊகிக்கிறது. கூடவே ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறது: பெரிதாகத் தெரிந்தால் பக்கம், சிறிதாகத் தெரிந்தால் தூரம். பைக்கிடம் நாம் ஏமாறுவது இங்கேதான். 1.7 மீட்டர் அகலக் கார் 100 மீட்டரில் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, ஏறக்குறைய அதே அகலத்தில்தான் 0.7 மீட்டர் அகல பைக் 40 மீட்டரில் தெரியும்.

சரி, அந்த 40 மீட்டரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் மூன்றரை விநாடியில் கடந்துவிடும். 7 மீட்டர் ரோட்டைக் கடக்க, விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் நமக்கோ 6 விநாடி வேண்டும். பைக் வந்து சேரும்போது நடு ரோட்டைத்தான் தாண்டியிருப்போம். ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்தால் 40-ல் வரும் வண்டி நிற்க 20 மீட்டர் போதும். 60-ல் வந்தால் 35 மீட்டருக்கும் மேல். மழை நாளில் இன்னும் கூடும்.

இரவில் இன்னும் மோசம். கார் நெருங்க நெருங்க இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் இடைவெளி விரியும். அதை வைத்துக் கொஞ்சமாவது கணிக்கலாம். பைக்குக்கு ஒற்றை விளக்கு. விரிவதற்கு எதுவும் இல்லை. பிம்பம் பெரிதாவதைக் கண்டுபிடிக்கும் திறன் குழந்தைகளுக்கு நம்மைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அன்றைக்கு நானும் அந்த அம்மாவோடு இறங்கினேன். பைக்கைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவர் இறங்கினார், என் கால் தானாக அவர் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தால் என்னை நம்பி இன்னும் நாலு பேர்.