முயலின் குதிக்காலில் புண் வருவது எப்படி?

முயலுக்குக் காலில் புண் வந்துவிட்டது, என்ன களிம்பு பூசலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முயல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? பதில் பெரும்பாலும் கம்பி வலை, இல்லாவிட்டால் சீமெந்துத் தரை. கோழி வளர்த்த பழைய கூட்டைக் கழுவி அதில் முயலை விடுவது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புதிதில்லை. பிழுக்கை வலைக்குள்ளால் கீழே விழுந்துவிடும், கூட்டி அள்ளுவது லேசு, வளர்க்கிறவருக்கு நல்ல வசதி. கஷ்டம் முழுவதும் முயலின் காலுக்குத்தான்.

நாய், பூனையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் தடித்த, மெத்தென்ற தோல் திட்டுகள் தெரியும். முயலுக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது நெருக்கமாக வளர்ந்த முரட்டு மயிர் மட்டும்தான். ஓடும்போது விரல் பக்கமாக ஊன்றி ஓடும், உட்காரும்போது விரலிலிருந்து குதிக்கால் வரை பின்பாதம் முழுவதையும் தரையில் வைக்கும். நாம் வளர்க்கும் முயலின் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதியில் வளை தோண்டி வாழ்ந்தது (எங்கள் பற்றைக் காட்டில் ஓடும் முயல் வேறு இனம், அது வளை தோண்டாது). மண்ணிலும் புல்லிலும் நகம் உள்ளே இறங்கும், பாதம் கொஞ்சம் புதையும், உடல் எடை பாதத்தின் முழு நீளத்துக்கும் பரவிவிடும். கடினமான தட்டைத் தரையில் நகம் இறங்க இடமில்லை, அதனால் விரல்கள் மேலே தள்ளப்பட்டு எடை பின்னால் குதிக்கால் எலும்பின்மேல் போய் நிற்கிறது. அந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவே தசை என்று சொல்ல ஒன்றுமில்லை, இழுத்துக் கட்டியதுபோல மெல்லிய தோலும் மயிரும் மட்டும்தான்.

இனி அழுத்தம். உங்கள் பெருவிரல் நகத்தை மற்ற விரலால் அழுத்திப் பாருங்கள், வெளிறும், விட்டதும் சிவக்கும். அழுத்தும்போது அங்கே உள்ள நுண்குழாய்கள் நசுங்கி இரத்தம் வெளியேறிவிடுகிறது. மனிதத் தோலில் இதற்கு ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரச அழுத்தம் போதும் என்று மருத்துவப் பாடங்களில் சொல்வார்கள், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 44 கிராம். முயலுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 2 கிலோ முயல் ஒன்று ஒரு பின்னங்காலில் 600 கிராம் எடையைத் தாங்குகிறது, பாதம் 7 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலம் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 43 கிராம் வரும், எல்லைக்குள் மயிரிழையில் தப்புகிறது. அதே 600 கிராம் குதிக்காலடியில் 2 சதுர சென்ரிமீற்றரில் மட்டும் இறங்கினால் 300 கிராம். கம்பி வலை என்றால் பாதம் தொடுவதே இரண்டு மூன்று கம்பிகளைத்தான், கணக்கு இன்னும் மோசமாகும். கொஞ்ச நேரம் இரத்தம் நின்றால் ஒன்றும் ஆகாது, எழுந்து நடந்தால் திரும்ப ஓடும். ஆனால் எழுந்து நடக்க இடமில்லாத கூட்டில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருக்கும் முயலுக்கு அந்தத் தோல் உள்ளுக்குள்ளேயே சாகத் தொடங்கும். படுக்கையோடு கிடக்கும் நோயாளிக்கு முதுகில் புண் வருவதும் இதே வழியில்தான்.

அடுத்தது ஈரம். முயலின் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து நிறைய, அதனால்தான் கலங்கலாக இருக்கும். தேங்கி நின்றால் பற்றீரியாக்கள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், கூட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். ஈரத்தில் பாதமயிர் கற்றை கற்றையாக ஒட்டி அதன் மெத்தைத் தன்மை போய்விடும், தோல் ஊறி இளகும், அமோனியா அரிக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழை பிடித்துக்கொண்டால் ஓலைக் கூரையில் ஒழுக்கு, சாரல், காயாத வைக்கோல் என்று எல்லாம் சேர்ந்து வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை வேறு மாதிரி. முயலுக்கு வியர்த்துக் குளிர வழியில்லை, காது வழியாகத்தான் வெப்பத்தை விடும், அந்த வெக்கையில் சீமெந்தில் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதை விரட்ட வேண்டாம். நாள் முழுக்க இருக்கிற தரை அதுவாக மட்டும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தோல் வெடித்ததும் உள்ளே போகிற முக்கியமான ஆள் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா, ஏற்கெனவே தோலில் குடியிருப்பதுதான். முயலின் சீழ் எங்களுடையதைப்போல வடியாது. கெட்டியாக உறைந்து உள்ளேயே தங்கிவிடும், சீறிப் பாயவிட்டுக் கழுவுகிற கதை இங்கே நடக்காது. அப்படியே விட்டால் எலும்புக்குப் போகும். குதிக்காலின்மேல் ஓடும் தசைநாணும் இடம் நழுவலாம், நழுவினால் பாதத்தை முன்போல ஊன்ற முடியாது, அந்த நிலைக்குப் போன முயல் பழையபடி நடப்பது அரிது. அதற்கு முன்னாலேயே பிடித்துவிட வேண்டும். ஆனால் முயல் நோவைக் காட்டாது, வேட்டையாடப்படும் பிராணிக்கு நொண்டிக் காட்டுவது உயிருக்கு ஆபத்து. கால் மாற்றி மாற்றி வைப்பது, அசையாமல் குந்தியிருப்பது, தீன் குறைவது, இவ்வளவுதான் வெளியே தெரியும்.

ஆகவே வாரம் ஒருமுறை நீங்களே பார்ப்பதுதான் சரி. நிலத்தில் உட்கார்ந்து, முயலின் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க, பின்பக்கத்தை ஒரு கையால் நன்றாகத் தாங்கிப் பிடியுங்கள். பின்பக்கம் தொங்கினால் உதறும், உதறுகிற வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும், முயலின் பின்தசைக்கு அவ்வளவு பலம். குதிக்காலடி மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். கச்சான்கொட்டை அளவில் மயிரில்லாத, காய்ந்த, வெளிறிய காய்ப்பு மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பெரிய முயல்கள் பலவற்றுக்கு அது இருக்கும். சிவந்து சூடாக இருந்தால் தரையை அன்றைக்கே மாற்றுங்கள். பொருக்கு, இரத்தம், வீக்கம் என்றால் மிருக வைத்தியரிடம்தான். ரெக்ஸ் இன முயல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1919இல் பிரான்ஸில் தென்பட்ட மரபணு மாற்றத்தால் வந்த இனம் அது, வெல்வெட் மாதிரி மினுமினுப்பான உடம்பு, ஆனால் முரட்டுக் காப்புமயிர் குட்டையாகிப் போனதால் பாதத்துக்குப் பாதுகாப்புக் குறைவு.

எல்லாக் கால்புண்ணும் அழுத்தத்தால் வருவதில்லை. மூக்கு, உதடு, காதோரம், நகத்தைச் சுற்றி என்று சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது சொறி, தோலுக்குள் வளை தோண்டும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை. முயல் முகத்தை முன்னங்காலால் துடைப்பதால் காலுக்கும் இறங்கும், தூக்குகிறவருக்கும் கொஞ்ச நாள் கடிக்கும். காதுக்குள் அடுக்கடுக்காகப் பழுப்புப் பொருக்கு இருந்தால் அது வேறோர் உண்ணி. பொருக்கைப் பிய்க்காதீர்கள், பயங்கரமாக நோகும். இரண்டுக்கும் வைத்தியர் ஐவர்மெக்டின் போன்ற மருந்து கொடுப்பார். முட்டைகள் அதற்குச் சாகாது, அதனால் இரண்டு வாரம்போல இடைவெளி விட்டுத் திரும்பவும் கொடுக்க வேண்டியிருக்கும், முதல் தடவையோடு நிறுத்துபவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரை, அது பங்கசு, பிள்ளைகளுக்கு ஒட்டும்.

மருந்து விஷயத்தில் சிலதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாய்க்கு அடிக்கும் பிப்ரோனில் ஸ்பிரே முயலைக் கொல்லும். வீட்டில் மிஞ்சிய அமொக்ஸிசிலினைக் கரைத்துப் பருக்கினால் குடலின் நல்ல கிருமிகள் செத்து வயிற்றோட்டத்தில் போய்விடும். மனிதருக்கான பல தோல் களிம்புகளில் ஸ்டீரொய்ட் இருக்கும், முயல் காலை நக்கும், நக்கினால் உள்ளே போய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். சொறிக்குக் கழிவு ஒயில் பூசுகிற பழக்கத்தை நாயோடும் விட்டுவிடுங்கள், முயலோடும் விட்டுவிடுங்கள்.

தரைக்குச் செலவு அதிகமில்லை. கம்பி வலையின்மேல் பலகை, அதன்மேல் பன்பாய்த் துண்டு, அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல். சாயம் போட்ட பாய் வேண்டாம், எப்படியும் கடிக்கும். பெரும்போக அறுவடை முடிந்ததும் அம்பாறை வயல்களில் வைக்கோலுக்கு என்ன பஞ்சம், பூஞ்சணம் பிடிக்காமல் கட்டி வைத்தால் போதும். நனைந்த இடத்தை அன்றாடம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உரப்பையை விரிக்காதீர்கள், அதன் நைலோன் இழை விரலில் சுற்றி இரத்தத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும். கல்லடி, காரைதீவு மாதிரி மணல் வளவு உள்ளவர்கள் நாய் வராமல் அடைத்துப் பின்னேரங்களில் இறக்கி விடலாம், பாதம் புதைய வேறென்ன வேண்டும். நகத்தை மாதம் ஒருமுறைபோல வெட்டுங்கள், நீண்ட நகமும் விரலை மேலே தள்ளி எடையைப் பின்னுக்கு அனுப்பும். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் சிவப்பு தெரியும், கறுப்பு நகத்துக்குப் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பார்த்து, சிவப்புக்கு முன்னால் கொஞ்சம் விட்டு நறுக்கினால் இரத்தம் வராது.