அம்மம்மாவின் சுருக்கங்களை அழிக்கச் சொல்லாதீர்கள்

திருகோணமலையில் ஸ்டூடியோ வைத்திருப்பவனிடம் அடிக்கடி வந்து சேர்வது இறந்தவரின் அடையாள அட்டை. அந்தியேட்டிக்கு முன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். வீட்டில் வேறு படமே இல்லை என்பார்கள். பெரிதாக்கினால் கிடைப்பது, “ஆடாமல் நேரே பாருங்கள்” என்ற கட்டளைக்குப் பணிந்த முகம். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் அதுவல்ல.

பெற்றோர் இருக்கும்போதே, அவர்கள் இயல்பில் படம் எடுத்துவையுங்கள். கைபேசியே போதும். ஆனால் அதை முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணித்தது. லென்ஸை நொந்து பயனில்லை, தூரம் செய்யும் வேலை அது. ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் செய்யுங்கள்.

வெளிச்சத்துக்கு வீட்டு விறாந்தையின் ஓரம் போதும். கோணேசர் கோயிலுக்குப் போன கையோடு உச்சி வெயிலில் எடுத்த குடும்பப் படங்களில் நெற்றிகள் மின்னும், கண்கள் குழிக்குள் போய்விடும். கடற்கரைதான் வேண்டுமென்றால், வெயில் ஊருக்குப் பின்னால் இறங்கிய பிறகு டச்சுக்குடாவுக்குப் போங்கள்.

இனித்தான் கடினமான பகுதி. “சிரியுங்கள்” என்று சொல்லவே கூடாது. மனமார்ந்த சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது, அது நம் விருப்பத்துக்கு எளிதில் அடங்காது என்று துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவைத்தார். சொல்லிச் சிரிக்க வைத்தால் வாய் மட்டும் சிரிக்கும். அதைவிடப் பேச்சுக் கொடுங்கள். திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மீனவர் ஐயா ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையும் விறைத்த தோளுமாகக் கதிரையில் இருந்தார். “இன்றைக்குப் பாரை என்ன விலைக்குப் போனது, அப்பா?” என்று மகள் கேட்டதுதான் தாமதம், வியாபாரிகளைத் திட்டத் தொடங்கினார். கை உயர்ந்தது, புருவம் நெரிந்தது. எடுத்த படங்களில் மகள் கேட்டு வாங்கியது அந்தக் கோபப் படத்தைத்தான். எல்லோருடைய உண்மை முகமும் சிரித்த முகமாக இருக்க வேண்டியதில்லையே!

படத்தைப் பார்த்ததும் பெரியவர்கள் “நானா இது?” என்று முகம் சுளிப்பார்கள். தன் முகத்தைக் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியவருக்கு நேர்ப்படம் சற்று அந்நியமாகத் தெரியும். உடனே அழித்துவிடாதீர்கள், மற்றவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் அறிந்த முகம் அதுதான். வெளியே பகிர்வதற்கு மட்டும் உரியவரின் சம்மதம் வேண்டும்.

“கொஞ்சம் வெள்ளையாக்கித் தாருங்கள்” என்பது ஸ்டூடியோவில் அலுக்காமல் ஒலிக்கும் கோரிக்கை. வெயிலில் உழைத்துக் கறுத்தவரை மாவு பூசியவராக மாற்றி மாலை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேற்று வந்த பருவை எடுத்துவிடுவேன். மச்சத்தையும் தழும்பையும் தொட மாட்டேன். பல கைபேசிகளில் அழகூட்டும் வசதி கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். எடுக்கும் முன் அதை நிறுத்திவிடுங்கள்.

அச்சிடக் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பலாம், அல்லது கைபேசியையே கையோடு கொண்டுவரலாம்.