224 போதுமா? நேஷனல் மெரிட் கட்-ஆஃபுக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "மேடம், இந்த வருஷம் நியூ ஜெர்சிக்கு எவ்வளவு வரும்?" முன்னே ஒரு வணக்கம்கூட இருக்காது. எதைக் கேட்கிறார்கள் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளை, எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி.யை அக்டோபரில் எழுதியிருக்கும், நவம்பரில் மதிப்பெண்ணும் வந்திருக்கும். ஆனால் அந்த மதிப்பெண் நேஷனல் மெரிட் என்ற நாடு தழுவிய உதவித்தொகைப் போட்டியில் செமிஃபைனலிஸ்ட் ஆவதற்குப் போதுமா என்பது தெரிய அடுத்த செப்டம்பர் ஆகும். நடுவில் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மத்திய நியூ ஜெர்சியில் கல்லூரி விண்ணப்ப ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நம் ஊர்க்காரர்கள்.

கட்-ஆஃப் என்ற சொல்லே நம்மை முதலில் குழப்புகிறது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த எங்கள் தலைமுறைக்கு அது 300க்குக் கணக்கிடும் எண். பிளஸ் டூ மதிப்பெண்ணில் 200, நுழைவுத் தேர்வில் 100. "என் கட்-ஆஃப் 287" என்றுதான் பேசுவோம். அதாவது கட்-ஆஃப் என்பது நம்முடைய மதிப்பெண். அந்த ஒற்றை எண்தான் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, ஏன், எந்த ஊரில் வேலை என்பது வரைக்கும் தீர்மானித்தது. இங்கே கட்-ஆஃப் என்பது மாநிலத்துக்கு மாநிலம் போடப்படும் கோடு. பிள்ளையின் எண் வேறு, கோடு வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினால் கிடைப்பதும், தாண்டாவிட்டால் போவதும் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியவை அல்ல. ஆனாலும் "பொண்ணோட கட்-ஆஃப் 224 மேடம்" என்று ஒரு அப்பா வந்து உட்காரும்போது, எனக்கு அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் அரங்கின் ஃபேன் சத்தம் கேட்கும்.

சரி, அந்த எண் எப்படி வருகிறது? பி.எஸ்.ஏ.டி.யில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 760, கணக்கு 760, மொத்தம் 1520. நேஷனல் மெரிட்காரர்கள் இந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை. வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, அதோடு கணக்கு மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள். இதற்கு செலக்‌ஷன் இண்டெக்ஸ் என்று பெயர். உச்சம் 228. இதன் பொருள் என்னவென்றால், கணக்கைவிட ஆங்கிலத்துக்கு இரண்டு மடங்கு எடை.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மொத்தம் 1460. ஒருவருக்குக் கணக்கில் முழு 760, ஆங்கிலத்தில் 700. இண்டெக்ஸ் 216. இன்னொருவருக்கு அப்படியே தலைகீழ், ஆங்கிலத்தில் 760, கணக்கில் 700. இண்டெக்ஸ் 222. ஆறு புள்ளி வித்தியாசம்! 2025இல் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு டெக்சஸில் கோடு 219. அங்கே முதல் பிள்ளை வெளியே, இரண்டாம் பிள்ளை உள்ளே. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு டியூஷனில் பிள்ளையை உட்காரவைத்த வீடுகளில் இதைச் சொல்லும்போது ஒரு மௌனம் வரும். கதைப் புத்தகம் படித்தால் "அதெல்லாம் அப்புறம், முதல்ல கணக்கை முடி" என்று சொன்னது அம்மாவா அப்பாவா என்ற பஞ்சாயத்து, கார் நிறுத்துமிடத்தில் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மாநிலம். நாடு முழுக்க ஏறத்தாழ 16,000 பேரை செமிஃபைனலிஸ்டாக எடுக்கிறார்கள். அந்த இடங்களை, நாட்டில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் ஒவ்வொரு மாநிலத்தின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இடம் நிரம்பும்வரை மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் பட்டியல் எங்கே நிற்கிறதோ அதுதான் நியூ ஜெர்சியின் கோடு. நம் ஊரில் ஓசி, பிசி, எம்பிசி என்று தனித்தனிக் கட்-ஆஃப் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். நியூ ஜெர்சியும் மாசசூசெட்ஸும் எப்போதும் மேலே. வேறு சில மாநிலங்களில் கோடு 210ஐ ஒட்டியே நின்றுவிடும். கணக்கில் எடுப்பது பிள்ளை படிக்கும் பள்ளி இருக்கும் மாநிலத்தை, வீடு இருக்கும் மாநிலத்தை அல்ல. (இதற்காக வீடு மாறலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.)

இனி அந்த 224. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

2025 மே மாதம். அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பா மடிக்கணினியைத் திறந்து ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினார். நியூ ஜெர்சியின் கட்-ஆஃப், வருடவாரியாக. எல்லாம் 222 அல்லது 223, கடைசி மூன்று வருடமும் 223. கீழே ஒரு கோட்டு வரைபடம், அதில் பச்சையில் ஒரு தடித்த புள்ளி. அந்தப் புள்ளிதான் மகள். ஆங்கிலத்தில் 740, கணக்கில் முழு 760. மொத்தம் 1500, இண்டெக்ஸ் 224. "ஒரு புள்ளி மேலயே இருக்கா மேடம். சேஃப்தானே?" மகள் தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

நான் அன்று செய்த தவறைச் சொல்ல வேண்டும். "இதுவரைக்கும் 223ஐத் தாண்டினதில்லை சார், பார்ப்போம்" என்றேன். "பார்ப்போம்" என்ற சொல் எனக்குக் காப்பு. அவர் காதில் விழுந்ததோ முதல் பாதி மட்டும். அந்த வாரமே திருச்சிக்கு ஃபோன் போய்விட்டது. பாட்டி சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. செமிஃபைனலிஸ்டுக்குக் கீழே கமெண்டட் என்று ஒரு படி உண்டு. அதற்கு மாநிலக் கணக்கு கிடையாது, நாடு முழுவதற்கும் ஒரே கோடு, அதுவும் வசந்த காலத்திலேயே தெரிந்துவிடும். முந்தைய ஆண்டு 208 ஆக இருந்தது அந்த ஆண்டு 210க்கு ஏறியிருந்தது. அடித்தளமே இரண்டு படி உயரும்போது மாடி மட்டும் அதே இடத்தில் நிற்குமா? நிற்கும் என்றும் சொல்ல முடியாது, நிற்காது என்றும் சொல்ல முடியாது. ஆனால் "சேஃப்" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அதை நான் அன்று அழுத்திச் சொல்லவில்லை.

செப்டம்பரில் நியூ ஜெர்சியின் கோடு 225 என்று வந்தது. டெக்சஸ் 222க்கு ஏறியது. கலிபோர்னியா 224. இதில் எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், அதே 1500 மதிப்பெண்ணை 750, 750 என்று வாங்கிய பிள்ளைக்கு இண்டெக்ஸ் 225. உள்ளே. 740, 760 வாங்கிய பிள்ளைக்கு 224. வெளியே.

உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். செமிஃபைனலிஸ்ட் ஆனதும் பணம் வராது. அக்டோபர் தொடக்கத்துக்குள் ஒரு கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் சேர்த்து விண்ணப்பம் போட வேண்டும். எஸ்.ஏ.டி. அல்லது அதற்கு இணையான ஏ.சி.டி. எழுதி, பி.எஸ்.ஏ.டி. மதிப்பெண் தற்செயல் இல்லை என்று காட்ட வேண்டும். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை நேஷனல் மெரிட் அமைப்பின் 0085 என்ற குறியீட்டுக்கு அனுப்பவும் வேண்டும். இதை மறந்து டிசம்பரில் ஓடிவந்தவர்கள் உண்டு. இதையெல்லாம் செய்தால் 16,000 பேரில் ஏறத்தாழ 15,000 பேர் பிப்ரவரியில் ஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் ஏதாவது ஒரு பரிசு. 1955இல் தொடங்கிய இந்த அமைப்பு தன் பெயரில் தரும் பரிசு ஒரே ஒருமுறை 2,500 டாலர். ஒரு வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் கேட்கும் தனியார் கல்லூரிகள் இருக்கும் நாட்டில் இது எந்த மூலைக்கு?

பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகம், டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ஓக்லஹோமா போன்றவை ஃபைனலிஸ்ட்களுக்குப் படிப்புக் கட்டணத்தில் பெரும் பகுதியையோ முழுவதையுமோ தருகின்றன. சில இடங்களில் தங்குமிடமும் சேரும். அதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தன் முதல் தேர்வாக நேஷனல் மெரிட் அமைப்பிடம் பிள்ளை பதிவுசெய்ய வேண்டும், அதுவும் கெடுவுக்குள். நம் வீடுகளில் நிலைமை என்ன? "அலபாமாவா? அங்க எதுக்கு?" என்பார்கள். ஹார்வர்டு, பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. என்பார்கள். அந்த நான்கும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன. ஆக, கோட்டைத் தாண்டினால் பணம் தரும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் போவதில்லை, அனுப்ப விரும்பும் இடமோ அதற்குப் பணம் தராது. அப்படியானால் இந்தப் பத்து மாதத் தவிப்பு எதற்கு என்று வாய்விட்டுக் கேட்பேன். "ஒரு பெருமைக்குத்தான் மேடம்" என்று நேர்மையாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். பெருமையும் ஒரு காரணம்தான், அதற்கான விலை தெரிந்திருந்தால் சரி. அலபாமாவுக்கு முழு உதவித்தொகையில் போய், கடன் என்ற சொல்லே தெரியாமல் மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் வீட்டில் பெருமைக்கும் குறைவில்லை.

நம்மவர்கள் கோட்டைவிடும் இன்னும் இரண்டு விஷயங்கள். எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு இது கிடையாது என்று பலர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். தவறு. அமெரிக்காவில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்தால் போட்டியில் கலந்துகொள்ளக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தரும் பணத்துக்கு அவரவர் விதி உண்டு, அதைத் தனியாக விசாரியுங்கள். இன்னொன்று, சில நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே இதன் வழியாக உதவித்தொகை தருகின்றன. அதில் ஒரு பகுதிக்கு ஃபைனலிஸ்ட் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் வேலை செய்யும் இடத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் தெரிந்துவிடும். 225ஆ 224ஆ என்று ஐந்து குழுக்களில் கேட்கும் நேரத்தில் இதைக் கேட்கலாம்.

இப்போது காத்திருப்புக்கு வருவோம். நான் பயப்படுவது முடிவுக்காக அல்ல, அதற்கு முந்தைய கோடைக்காக. பதினொன்று முடிந்து பன்னிரண்டு தொடங்கும் அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் விண்ணப்பக் கட்டுரை எழுத, கல்லூரிப் பட்டியல் போட, ஆகஸ்ட் எஸ்.ஏ.டி.க்கு உட்காரக் கிடைக்கும் நேரம். பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் இணையதளம் ஆகஸ்ட் 1 அன்று திறந்துவிடும். முன்கூட்டி விண்ணப்பிக்கும் பல கல்லூரிகளுக்கு நவம்பர் 1 கெடு. இதில் எதுவும் நேஷனல் மெரிட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முடிவு வந்ததும் விருதுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் வீட்டில் "செப்டம்பர்ல தெரிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று ஒரு பேச்சு ஓடும். கல்லூரிப் பட்டியல் தள்ளிப்போகும், கட்டுரை தள்ளிப்போகும். இரவுச் சாப்பாட்டின்போது தினம் அதே பேச்சு. பிள்ளைக்கோ எழுதி முடித்த தேர்வில் இனி செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்ய முடியாத விஷயத்துக்காகத் தினமும் விசாரிக்கப்படுவது பதினேழு வயதில் எப்படி இருக்கும்? தூக்கம் கெடும். சிலர் வீட்டில் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். லேபிளைச் சுரண்டுவார்கள்.

அந்தப் பெண் ஜூலையில் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். கமெண்டட் கோடு 210க்கு ஏறியதை அவள் ஏப்ரலிலேயே பார்த்திருக்கிறாள். "ஆன்ட்டி, 225 வரும்னு எனக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லாதீங்க, அவர் சந்தோஷமா இருக்கார்." அவள் விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரைவும் அதோடு இணைப்பாக வந்தது. பாட்டியின் காது கேட்கும் கருவியைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரு இடத்தில்கூட மதிப்பெண் வரவில்லை.

கமெண்டட் சான்றிதழ் பள்ளி வழியாக வந்தது. திருச்சியில் பாட்டிக்கு அதை விளக்கியது அப்பாதான். "பாஸா ஃபெயிலா, அதைச் சொல்லு" என்று பாட்டி கேட்டாராம்.

போன மாதம் அவர் மறுபடி வந்தார், இந்த முறை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பையனுக்காக. அதே மடிக்கணினி, அதே எக்செல். 223க்குக் கீழே 225 சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே பையன் பள்ளி முடிக்கும் ஆண்டு வரைக்கும் வரிசைகளை இப்போதே போட்டு, எதிரே கட்டங்களைக் காலியாக விட்டு வைத்திருந்தார். நான் மடிக்கணினியை மூடிவிட்டு, தம்பி கடைசியாகப் படித்த கதைப் புத்தகம் எது என்று கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான்.