முன்வளைந்த அரிவாளும் இடது கையும்

கை அறுவை மருத்துவனாக நான் தைத்த அரிவாள் வெட்டுகளில் பெரும்பாலானவை இடது கையில் விழுந்தவை. வலது கை ஓங்க, இடது கை தேங்காயையோ கிளையையோ பற்றியிருக்கும்போது ஏற்பட்டவை. காயத்தைக் கழுவும்போது, அரிவாளின் மூக்கு எவ்வளவு வளைந்தது என்றும் கேட்டுக்கொள்வேன். வெட்டு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பதை அந்த வளைவே பாதி சொல்லிவிடும்.

முன்னோக்கி வளைந்த அலகின் எடை பிடியில் தங்காமல் முனைப் பக்கமாகச் சேர்கிறது. ஓங்கி இறக்கும்போது அந்த எடையே வேலையைச் செய்வதால், கோடரியின் வேகமும் கத்தியின் கூர்மையும் ஒரே கருவியில் கிடைக்கின்றன. நேரான கத்தியில் கிளை முனையை நோக்கி வழுக்கி ஓடும். வளைந்த அரிவாளோ அதை உட்குழிவுக்குள் இழுத்துப் பிடித்து அறுத்துக்கொண்டே இறங்கும். நேபாளத்தின் குக்ரி, குடகின் ஒடிகத்தி, பண்டைய ஐபீரியரின் (இன்றைய ஸ்பெயின் பகுதி மக்கள்) ஃபால்காட்டா, கிரேக்கரின் கோபிஸ் என்று, ஒன்றோடொன்று தொலைவில் இருந்த மக்களும் இந்த வடிவத்தை விரும்பியதற்குக் காரணம் இதுதான். குதிரை வீரன் உயரத்திலிருந்து கீழ்நோக்கி வெட்டுவதால் அவனுக்கு நேர்வாளைவிடக் கோபிஸே ஏற்றது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதினார். குக்ரியோ இன்றும் கூர்க்கா வீரனின் இடுப்பிலும் இருக்கிறது, நேபாள வீட்டுச் சமையலறையில் இறைச்சியும் நறுக்குகிறது.

நம் பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். லாரியின் ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்த அரிவாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் ஈர்ப்பை விளக்கத் தேவையில்லை. கருப்பசாமியின் கையில் அது காவலின் அடையாளம். நேர்த்திக்கடனாக அரிவாள் செலுத்தும் ஊர்கள் பல. அந்த மரியாதையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் பிறந்தநாள் கேக்கை அதால் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. தலையைக் காக்க உயர்த்திய முன்கையில் விழும் ஒரே வீச்சு தசைநாண், நரம்பு, தமனி, எலும்பு நான்கையும் துண்டித்துவிடுவதை நான் மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன். எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே வளரும் என்பதால், விரல்நுனியில் உணர்வு திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், திரும்பாமலும் போகலாம்.

இளநீர் வியாபாரி ஒருவரைச் சொல்ல வேண்டும். சீவும்போது இடது கட்டைவிரல் துண்டாகிவிட்டது. கூர்மையான அரிவாளின் வெட்டு நசுங்காத நேர்வெட்டு. திரும்ப ஒட்டவைக்க இதைவிட நல்ல காயம் கிடைக்காது. ஆனால் உடன் வந்தவர்கள், நல்லது செய்வதாக எண்ணி, விரலை ஒரு டம்ளரில் நேரடியாகப் பனிக்கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். டம்ளரிலிருந்து எடுத்தபோது அது மெழுகுபோல் வெளுத்து விறைத்திருந்தது. உறைந்ததில் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போயிருந்தன. பல மணி நேரம் முயன்றும் ரத்தம் ஓடவில்லை.

துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தின் மேல் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தியே வையுங்கள். மஞ்சள்பொடியோ காப்பித்தூளோ வேண்டாம். குளிர்ச்சியில் வைத்த விரல் ஏறத்தாழ ஒரு நாள்வரைகூடத் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால், ரத்தமின்றி விரைவில் கெட்டுவிடும் தசை அதில் இருப்பதால், அவகாசம் சில மணி நேரம்தான்.

வெட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வளைந்த முனை பிடியின் நேர்கோட்டுக்குக் கீழே இறங்குவதால், கை எதிர்பார்ப்பதற்குச் சற்று முன்பே வெட்டு விழுகிறது. மெல்லிய கிளையைத் தாண்டிய அரிவாள் அதே வேகத்தில் முழங்காலுக்கு வருகிறது. எனவே காலை வீச்சின் பாதையிலிருந்து விலக்கி நில்லுங்கள். வேலை முடிந்ததும் கூரையின் இறவாணத்தில் செருகுவதை விட்டு, உறையிட்டுக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அந்த வியாபாரி மறுபடியும் இளநீர் வெட்டுகிறார். வண்டியில் குழி தோண்டிய மரக்கட்டை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். காய் அந்தக் குழிக்குள் தானே நிற்கிறது, அரிவாள் இறங்கும்போது அவருடைய இடது கை வண்டியின் மறுபக்கக் கம்பியைப் பிடித்திருக்கிறது.