ஆம்ப் இல்லாம கிட்டார் வாசிக்கப் போற தம்பிமாருக்கு

பாளையங்கோட்டைல இருந்து வள்ளியூர், சங்கரன்கோவில், அம்பைன்னு கோயில் கொடை சீசன்ல கிட்டார் வாசிக்கேன், சர்ச் கன்வென்ஷனும் உண்டு. இப்போ நெறைய தம்பிமாரு ஆம்ப (கிட்டார் சத்தத்தப் பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி) விட்டுட்டு, பல எஃபெக்டும் ஒண்ணாச் சேந்த ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலோட பஸ்ல வந்து எறங்குதாவ, நல்ல விஷயம், ரோலண்ட் ஜேசி 120 ஆம்ப் 28 கிலோ, பாஸ் (Boss) கம்பெனி ஜிடி 1 பெடல் வெறும் 1.3 கிலோ, எதத் தூக்கிட்டு கடைசி பஸ்ஸப் பிடிக்க முடியும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஆனா மேடைல பாதிப் பேருக்கு டிஸ்டார்ஷன் (ராக் பாட்டுல வர்ற கரகர எஃபெக்ட்) போட்டா தேனீக் கூட்டம் மாதிரி இரையுது, உடனே "ஆம்ப் ஆம்ப்தான்"னு சொல்லிருதாவ. பெடல் மேல தப்பே இல்ல.

கிட்டார் ஆம்புல உள்ள 12 இஞ்ச் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது, கரகரப்ப அதுவே வடிகட்டிரும். மைக் செட் பாக்ஸ்ல கீச்சு சத்தத்துக்குன்னே ஹார்ன் இருக்கு, வந்ததெல்லாம் அப்படியே வெளிய வரும். அதனால மிக்ஸருக்கு நேரா போனா பெடல்ல கேப் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரியே வடிகட்டுற வசதி) ஆன்ல இருக்கணும், கட்டாயம். அதே பெடல ஆம்ப் முன்னாடி மாட்டுனா அத ஆஃப் பண்ணிரணும், இல்லன்னா ரெண்டு தடவ வடிகட்டி சத்தம் அமுங்கிப் போயிரும்.

இன்னொண்ணு, வீட்ல ஹெட்போன்ல மெதுவா வச்சு டோன் செட் பண்ணாதீங்க. சத்தம் கம்மியா இருந்தா காதுக்கு பாஸும் (அடி சத்தம்) ட்ரெபிளும் (கீச்சு சத்தம்) கொறச்சலாத்தான் கேக்கும், நீங்க ரெண்டையும் ஏத்திருவீங்க, மேடைல அது ரெண்டும் பொங்கி வரும், கீபோர்டுக்கு நடுவுல கிட்டார் காணாமப் போயிரும். மிட்ட (நடு சத்தம்) ஏத்தி, 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விடுங்க.

ஆம்ப் இல்லன்னா ஒங்க சத்தம் ஒங்களுக்கே கேக்காது, அதனால மைக் செட் அண்ணாச்சிகிட்ட சவுண்டு செக்குக்கு முன்னாடியே மானிட்டர்ல (வாசிக்கவங்களப் பாத்து வைக்கிற ஸ்பீக்கர்) கிட்டார் வேணும்னு சொல்லிருங்க. அதுக்குப் பதிலா இன் இயர் (காதுக்குள்ள மாட்டுற மானிட்டர்) போட்டா சத்தத்தக் கொறச்சு வைங்க, 85 டெசிபல்ல 8 மணி நேரம்னா 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான் காதுக்குப் பாதுகாப்பான கணக்கு. காது கேக்குற சக்தி போனா திரும்ப வராது தம்பி.

ஒயர் நீளமா போனா சீரியல் லைட், ஜெனரேட்டர் இரைச்சலெல்லாம் உள்ள வந்துரும், மேடைலயே ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னல இரைச்சல் ஏறாத மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) வச்சு அங்கிருந்து மைக் ஒயர்ல அனுப்பச் சொல்லுங்க. அப்பவும் ஹம் (ம்ம்ம்னு வர்ற கரண்ட் இரைச்சல்) அடிச்சா டிஐல உள்ள கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் ஒயரோட கிரவுண்ட மட்டும் பிரிக்கிற) சுவிட்ச அமுக்குங்க. சிலர் கரண்ட் பிளக்ல மூணாவது பின்ன, அதாவது எர்த் பின்ன, ஒடிச்சு விடுதாவ, தயவுசெஞ்சு அதச் செய்யவே செய்யாதீங்க, உயிர் போற காரியம். பாடிக்கிட்டே வாசிக்கவங்க மைக்ல வாய வைக்குமுன்ன கிட்டார் கம்பிக்கும் மைக் கம்பி வலைக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, வோல்டேஜ் காட்டுச்சுன்னா ஜெனரேட்டர்காரரக் கூப்பிட்டு எர்த்த சரி பண்ணுனதுக்கு அப்புறம்தான் பாட்டு, அதுவரைக்கும் கமிட்டிக்காரங்க எவ்வளவு அவசரப்படுத்துனாலும் சரி.