செடிமெண்ட் என்றால் வண்டல்

‘செடெரே’ என்றால் லத்தீனில் உட்காருதல். அதில் பிறந்தது செடிமெண்ட்: நீருக்கடியில் போய் உட்கார்ந்தது. தமிழில் இதற்குப் போட்டியிடும் சொற்கள் பல. மண்டி எண்ணெய்க் குடத்தின் அடியில் தங்குவது. கசடு என்றாலே கழிவு நினைவு வரும். படிவு பாறைவரை நீள்கிறது. வேதியியலில் வீழ்படிவு வேறு இருக்கிறது. வண்டல்தான் சரி. (சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் இழைத்து விளையாடுவதற்கும் இதே பெயர்.) வேலூர்ப் பக்கம் கோடையில் ஏரி வற்றியதும் டிராக்டரில் வயலுக்கு அடிப்பதும் இதைத்தான். பாலாற்றுப் படுகையில் பெரும்பாலும் மணல். மென்மையான வண்டல் ஏரிகளில்தான் தேங்கும்.

வம்பு ‘வண்டல் மண்’ என்று சேர்த்துச் சொல்லும்போது வருகிறது. மண் என்று காதில் விழுந்ததும் ஆய்வகத்தில் அதை வெயிலில் உலர்த்தி, இடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்துவிடுகிறார்கள். மண்வளப் பரிசோதனைக்கு அது சரி. அடியில் வாழும் உயிர்களை வைத்து நச்சுத்தன்மை பார்க்க உதவாது. ஏரிக்கடியில் காற்றில்லாத கறுப்பு வண்டலில் காட்மியம், செம்பு, துத்தநாகம் எல்லாம் சல்ஃபைடோடு கட்டுண்டு கிடக்கும். உலர்த்தினால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமடைந்து உலோகம் விடுபடும். வண்டலில் இல்லாத நஞ்சை நாமே உண்டாக்கிவிடுவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பதனிடும் பகுதி மாதிரிகளில் இன்னொரு கவலை: பதனிடும் குரோம் உப்பிலுள்ள மூவிணைதிறக் குரோமியம், காற்றுப்பட்டால் மாங்கனீசு ஆக்சைடுகளின் துணையோடு ஓரளவு ஆறிணைதிற வடிவுக்கு மாறலாம். நஞ்சு அதிகமுள்ளது அதுதான்.

ஆகவே வண்டல் ஈரமாகவே இருக்கட்டும். டப்பாவை விளிம்புவரை நிரப்பி, 4 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைத்து, முடிந்தால் 8 வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மேலே பிரிந்து நிற்கும் நீரைக் கொட்டிவிடாமல் திரும்பக் கலக்க வேண்டும். அது துகள்களுக்கு நடுவே இருந்த இடைநீர். கரைந்த நஞ்சும் அம்மோனியாவும் அதில்தான் இருக்கும். நத்தை, அட்டை, கல், இலைக்காம்பைச் சாமணத்தால் எடுத்தால் போதும். கிளற பிளாஸ்டிக் கரண்டி: எவர்சில்வரிலேயே குறைந்தது 10.5% குரோமியம் உண்டு, தேடுவதும் அதைத்தானே.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 10 நாள் நச்சுச் சோதனை முறையில் 300 மி.லி. பீக்கரில் 100 மி.லி. வண்டல், மேலே 175 மி.லி. நீர், 23 டிகிரி. நீரை ஊற்றும்போது வண்டல் கலங்காதிருக்க ஒரு வட்டத்தகட்டின் மேல் ஊற்றலாம். முதல் நாளே நிரப்பி ஓர் இரவு தெளியவிட்டு, மறுநாள் பத்துப் புழுக்களை விட வேண்டும். மீன்தொட்டிக் கடையில் இரத்தப்புழு என்று விற்கும் அந்தச் சிவப்புப் புழு, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். ஹீமோகுளோபின் தரும் நிறம் அது.

ஒப்பீட்டுக்குச் செயற்கை வண்டலும் உண்டு. ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 218ஆம் சோதனை வழிகாட்டியின்படி உலர் எடையில் மென்மணல் 75–76%, கயோலின் களிமண் 20%, பாசிக்கரி (பீட்) 4–5%. அமிலத்தன்மையைச் சரிக்கட்டச் சிறிது கால்சியம் கார்பனேட். கலந்த கையோடு புழுவை விடக் கூடாது, ஏழு நாளாவது பதப்பட வேண்டும். ஒப்பீட்டுப் பீக்கரிலேயே புழுக்கள் கொத்தாகச் செத்தால், மாதிரியைக் குறை சொல்லுமுன் அம்மோனியாவையும் கரைந்த ஆக்சிஜனையும் அளந்து பாருங்கள்.