புல்லு மருந்தும் ஒத்தை இலத்திரனும்

ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு அக்கா போன வாரம் ஒரு கேள்வி அனுப்பி இருந்தாங்க. அவங்க லயத்துக்கு ஒருத்தர் கையில டப்பாவோட வந்து, இதுல அன்டி ஒக்சிடன்ட் இருக்கு, உடம்புல உள்ள ஃப்ரீ ரெடிகலை எல்லாம் கழுவி வெளிய தள்ளிரும், உலக மாநாட்டுலயே விஞ்ஞானிங்க பேசுற விசயம்னு சொல்லி, ஃபோன்ல ஒரு பெரிய ஹோல் நிறைய கோட்டு போட்டவங்க உக்காந்திருக்க படத்தையும் காட்டிட்டு போயிருக்காரு. ஒரு டப்பா வெலைக்கு ஆறு பேரு போடணுமாம், அதாவது ஆறு நாள் முழுசா மலைக்கு போகணும். "தம்பி, அது என்னா, மூலிகையா? அப்படி ஒரு மாநாடு நெசமாவே நடக்குதா?"

மாநாடு நெசந்தான் அக்கா. ஃப்ரீ ரெடிகல் ஆராய்ச்சிக்குன்னே ஒரு சர்வதேசச் சங்கம் 1982ல இருந்து இருக்கு, ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கான்னு அதுக்கு கிளைகளும் இருக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா உலகம் பூரா இருந்து வந்து கூடுவாங்க. ஆனா அங்க பேசுறதுக்கும் அந்த டப்பாவுக்கும் உள்ள தூரம் நம்ம ஊருக்கும் கொழும்புக்கும் உள்ளதை விட ஜாஸ்தி.

மூலிகைன்னு கேட்டதுல உங்க மேல பிழை இல்ல, ஏ.எல் புத்தகத்துலயே ஃப்ரீ ரெடிகலுக்கு பேரு சுயாதீன மூலிகம், நானும் படிக்கிற காலத்துல சித்தரத்தை மாதிரி ஏதோன்னுதான் நெனச்சேன். விசயம் சின்னது. அணுவுக்குள்ள உள்ள சின்னத் துகள் இலத்திரன், அது எப்பவும் சோடி சோடியா இருக்கத்தான் விரும்பும், சோடி இல்லாத ஒத்தை இலத்திரனோட ஒரு மூலக்கூறு நின்னா அதுதான் ஃப்ரீ ரெடிகல். 1900ல கொம்பர்க்னு ஒருத்தர் அமெரிக்காவுல, அப்படி ஒண்ணு நின்னு தாக்குப்பிடிக்கும்னு முதமுதலா காட்டினாரு. ஒத்தையா நிக்கிறது பக்கத்துல உள்ளதுக்கிட்ட பிடுங்கும், இல்லாட்டி கையில உள்ளதை யார் தலையிலயாவது கட்டும். அவ்வளவுதான் இதோட குணம்.

அந்தக் குணத்தை நம்ம தோட்டத்து ஆளுங்க கண்ணால பார்த்திருக்காங்க, பேருதான் தெரியாது. எங்கப்பா புல்லு மருந்து டேங்க் தூக்குனவரு. காலையில ஏழாம் நம்பர் மலையில அடிச்சிட்டு வருவாரு, நல்ல வெயிலா இருந்தா பின்னேரமே புல்லு தலை தொங்கி நிக்கும், ரெண்டு நாள்ல கருகிரும். மழை மூட்டமா இருந்தா அவ்வளவு வேகம் இருக்காது. "வெயிலுதான்டா புல்லைக் கொல்லுது, நான் சும்மா தண்ணி தெளிக்கிறேன்"னு சொல்லுவாரு. பகிடின்னு நெனச்சேன். பிறகு படிச்சப்பதான் தெரிஞ்சது, மனுசன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அந்த மருந்து பரகுவாட். 1955ல இது செடியைக் கொல்லும்னு கண்டுபிடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1933லயே ரசாயனக்காரங்க இதை ஆய்வுகூடத்துல வேற வேலைக்கு வச்சிருந்தாங்க, ஏன்னா ஒரு இலத்திரன் கிடைச்சா இது நல்ல நீலமா மாறும். மெதைல் வயலோஜன்னு அதுக்கு இன்னொரு பேரு, வயலட் நிறத்துல இருந்து வந்தது. அந்த நீலம்தான் ஃப்ரீ ரெடிகல்.

இலைக்குள்ள வெயில் பட்டதும் பச்சையத்துல இருந்து இலத்திரன் கிளம்பி கைமாறி கைமாறி போய் கடைசியில சீனி செய்யிற வேலைக்கு சேரணும். கொழுந்து நிறுக்கிற எடத்தை நெனச்சுக்கோங்க. எல்லாரும் கூடையோட வரிசையில வர்றாங்க, நிறுத்த கொழுந்து லொறியில ஏறி ஸ்டோருக்கு போகணும். நடுவுல ஒருத்தன் புகுந்து, கையை நீட்டி ஒரு கூடையை வாங்குறான், லொறியில ஏத்தாம பக்கத்துல உள்ள கானுல கொட்டுறான், வெறுங்கையோட திரும்பவும் வந்து அதே எடத்துல நிக்கிறான். அவன்தான் பரகுவாட். அது ஒரு இலத்திரனை வாங்கும், வாங்குன உடனே பக்கத்துல உள்ள ஒட்சிசன் தலையில கட்டிரும், பழையபடி சும்மா கையோட அடுத்த இலத்திரனுக்கு வந்து நிக்கும். இதுல எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காத எடம் என்னன்னா, அந்த ஆள் இந்த வேலையில செலவாகிறதே இல்ல. வெயில் அடிக்கிற வரைக்கும் ஒரே மூலக்கூறு வாங்கி வாங்கிக் கொட்டிக்கிட்டே இருக்கும். கானுல விழுந்த கூடை, அதாவது இலத்திரன் ஏறுன ஒட்சிசன், அதுக்கு சுப்பர் ஒக்சைட்னு பேரு, அது ஹைட்ரஜன் பெரொக்சைட்டா மாறும், அது இரும்பைச் சந்திச்சா ஹைட்ரொக்சில்னு ஒரு ரெடிகல் வரும், அது வாய்க்குள்ள எது வந்தாலும் கடிக்கும். கலத்தைச் சுத்தி உள்ள கொழுப்புத் தோல் கிழியும், உள்ள தண்ணி ஒழுகும், இலை தொங்கும். இதையே அந்தி நேரத்துல அடிச்சா இருட்டுல வேலை அவ்வளவா நடக்காது, ராத்திரி பூரா இலைக்குள்ள பரவி உக்காந்திருக்கும், விடிஞ்சு வெளிச்சம் பட்டதும் மொத்த இலையும் மாட்டிக்கும்.

நமக்குள்ள வெயில் இல்லதான், ஆனா இலத்திரன் குடுக்குற நொதியங்கள், அதாவது உடம்பு வேலைகளை வேகமாக்குற புரதங்கள், இருக்கு, நுரையீரல்ல ஒட்சிசனுக்கு பஞ்சமே இல்ல. அதோட கொடுமை, நுரையீரல் கலங்கள் தனக்கு வேண்டிய புட்ரெசின்னு ஒரு பொருளை உள்ள இழுக்க ஒரு வாசல் வச்சிருக்கு, பரகுவாட்டோட உருவம் அதுக்கு கொஞ்சம் ஒத்துப்போகுது, ஆளை மாத்தி நெனச்சு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு போயிரும். அதனாலதான் இந்த நஞ்சு உள்ள போனவங்களுக்கு மூச்சு முட்டுனாலும் டொக்டர்மார் ஒட்சிசன் குடுக்கத் தயங்குவாங்க, குடுத்தா எரியிற அடுப்புல ஊதுன மாதிரி. இலங்கையில 2008ல தொடங்கி படிப்படியா குறைச்சு இதைத் தடை பண்ணிட்டாங்க. நல்ல வேலை, ஆனா அதுக்கு முந்தி எத்தனை வருசம் எத்தனை பேரு ஒழுகுற டேங்கை முதுகுல கட்டிட்டு மலை ஏறினாங்க.

இப்ப டப்பாவுக்கு வர்றேன். ஃப்ரீ ரெடிகலைக் கழுவுற சாமான் ஒண்ணு இருந்தா, அது முதல்ல ஜெயிச்சுக் காட்ட வேண்டிய எடம் இந்த பரகுவாட் வார்டுதான். அன்டி ஒக்சிடன்ட்னு சொல்ற விற்றமின் சி, விற்றமின் இ எல்லாம் குடுத்துப் பார்த்திருக்காங்க, நம்பி சொல்லக்கூடிய மாத்து மருந்து இன்னைக்கும் இல்ல. ஃபின்லாந்துல சிகரெட் குடிக்கிற 29,133 ஆம்பளைங்கள வச்சு ஒரு பெரிய சோதனை செஞ்சாங்க, 1994ல முடிவு வந்துச்சு, கரட்டுல உள்ள பீட்டா கரோட்டின்ங்கிற அன்டி ஒக்சிடன்ட்டை மாத்திரையா எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையல, 18 சதவீதம் கூடத்தான் வந்திருந்துச்சு.

உடம்பு தன்னோட ரெடிகலை வேற விதமா பார்த்துக்குது. 1938ல கேம்பிரிட்ஜ்ல மாட்டு ரத்தத்துல இருந்து நீலப்பச்சையா ஒரு செப்புப் புரதம் எடுத்தாங்க, என்ன வேலை செய்யுதுன்னு யாருக்கும் தெரியல, 31 வருசம் அப்படியே கெடந்துச்சு. 1969ல ஃப்ரிடோவிச்சும் அவரோட மாணவர் மக்கோர்டும்தான் கண்டுபிடிச்சாங்க, சுப்பர் ஒக்சைட்டைப் பிடிச்சு அடக்குற காவக்காரன் அதுன்னு. நம்ம நாட்டுல ஆராய்ச்சிக்கு காசு கேட்டா "இதால என்ன பிரயோசனம்"னு முதல்ல கேப்பாங்க, 1938ல அந்தக் கேள்விக்கு பதில் ஒரு போத்தல் நீலப்பச்சைத் தண்ணி மட்டுந்தான். மருந்தை முதுகுல சுமந்த சனத்துக்குப் பக்கத்துல, அதைப் பத்திப் படிக்க ஒரு நல்ல ஆய்வுகூடம் கட்டியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்னு எனக்கு கோவம் வரும், அது இருக்கட்டும்.

அடக்குறது மட்டுமில்ல, உடம்பே வேணும்னு சுப்பர் ஒக்சைட் செய்யவும் செய்யும். புண்ணுல கிருமி ஏறுனா வெள்ளைக் கலம் அதை வச்சுத்தான் சுடும். அதைச் செய்யிற நொதியம் பிறப்புலயே பழுதான பிள்ளைகளுக்கு திரும்பத் திரும்ப சீழ் பிடிக்கும். எல்லாத்தையும் கழுவித் தள்ளுனா நம்ம கதியும் அதுதான். மாநாட்டுல இப்ப பேச்சே, எந்த ரெடிகல், எந்த எடத்துல, எவ்வளவு நேரம், அது கலத்துக்கு என்ன சேதி சொல்லுதுங்கிறதுதான். அமெரிக்கக் கிளை தன் பேருல இருந்து ஃப்ரீ ரெடிகலையே எடுத்துட்டு ரெடொக்ஸ்னு, அதாவது இலத்திரன் குடுக்கல் வாங்கல்னு, வச்சுக்கிடுச்சு.

அக்கா திரும்பவும் கேட்டிருந்தாங்க, அப்ப நம்ம பிளேன்டியில அன்டி ஒக்சிடன்ட் இருக்குன்னு சொல்றதும் பொய்யான்னு. இருக்கு, பொய் இல்ல. ஸ்டோர்ல கொழுந்தை உருட்டுறப்ப கலம் உடைஞ்சு, நொதியமும் ஒட்சிசனும் சேர்ந்து அதுல உள்ள கட்டெசின்ங்கிற அன்டி ஒக்சிடன்ட்டை சிவப்பாக்குது, அந்த நிறமும் துவர்ப்பும் அப்படி வந்ததுதான். ஆனா குடிச்ச பிறகு ரத்தத்துக்கு போய்ச் சேர்றது சொற்பம், அதையும் ஈரல் சீக்கிரம் மாத்திரும். நான் நாலு வேளை குடிக்கிறேன், குளிருக்கு. சீனி மட்டும் குறைச்சிருக்கேன்.